கெட்ட பந்து யாருக்குப் போகிறது

நான் ஜன்னல் பக்கம் போய்க்கொள்ளட்டுமா சார்? முறைப்படி பார்த்தால் கடைசிவரை போகிற நீங்கள்தான் அங்கே உட்கார வேண்டும். நடுவில் இறங்குகிறவன் நான். ஆனால் மாடத்திவிளைக்கு ரோடு பிரிகிற அந்த விலக்கு வருவது தெரியாமல் போய்விடக்கூடாது பாருங்கள். கண்டக்டரை நம்ப முடியாது. டிக்கெட் கேட்டபோதே ஒரு மாதிரி பார்த்தான். “மாடத்திவிளை விலக்கா? அங்க எறங்குறதுக்கு யாரு இருக்கா அண்ணாச்சி? பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் திரும்பி வர பஸ்ஸும் கெடையாது, பேயும் கெடையாது” என்றான். பின் சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. என் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியாது.

உங்களுக்கு ஐந்தடி பத்து அங்குலம் இருக்குமா? எழுந்து இடம் விட்டபோதே பார்த்தேன். விரலும் நீளம். வாலிபால் விளையாடியிருக்கிறீர்களா? இல்லையா? அநியாயம் சார். உங்களை யாரும் சரியான வயதில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கிறவன் ஒருவன் வேண்டும். அது எல்லோருக்கும் வராது.

என் பெயர் தங்கப்பழம். மில்லில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்க்கிற வேலை. அது சோற்றுக்கு. மற்றபடி மில்லின் வாலிபால் டீமுக்கு நான்தான் மேனேஜர். கோச் என்று தனியாக யாரும் கிடையாது. முதலாளி, “நீரு இருக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு வே?” என்று சொல்லிவிட்டார். ஆளைப் பார்ப்பது, எடுப்பது, ஆட வைப்பது, வேண்டாம் என்று அனுப்புவது, எல்லாம் நான்.

நீங்கள் கரண்ட் ஆபீஸா? பையில் அந்த டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதே. அப்படியானால் இந்தச் செம்மணல் தேரிக்காடு முழுக்க உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். நல்லதாய்ப் போயிற்று.

வாலிபால் தெரியாது என்றாலும் இது புரியும் சார். ஆறு பேர் நிற்கிறார்கள். எதிராளி போட்ட பந்தை ஒருவன் வாங்கி மேலே தட்டுகிறான். அது லிஃப்டரிடம் போகிறது. லிஃப்டர் என்றால் தூக்கிக் கொடுக்கிறவன். அவன் அதை நெட்டுக்கு மேலே அழகாகத் தூக்கிக் கொடுக்கிறான். கடைசியில் ஒருவன் ஓடிவந்து எழும்பி அடிக்கிறான். ஜனம் கைதட்டுவது அடிக்கிறவனுக்கு. அடிக்கிறவன் மூன்று பேர் நான்கு பேர் இருப்பார்கள். அதில் முதல் ஆள் யார்? அதுதான் கேள்வி. டீமே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

முதல் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? நிறைய அடித்தவன் முதல் ஆள் என்பார்கள். தப்பு. நிறையக் கொடுத்தால் யாரும் நிறைய அடிப்பான். எதிராளிகள் நெட்டுக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கி எழும்பி மறிப்பார்களே, பிளாக் என்போம், அது யார் முன்னால் போய் நிற்கிறதோ அவன்தான் முதல் ஆள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. எதிராளிக்கு என்ன தெரியும்?

நான் பந்தைப் பார்ப்பதே இல்லை சார். லிஃப்டரைப் பார்ப்பேன். நல்ல லிஃப்டர் இருக்கிறானே, தான் கொடுக்கப் போகிற ஆளை ஒரே ஒரு தடவைதான் பார்ப்பான். பந்து கைக்கு வருவதற்கு முன்னால். அதற்கப்புறம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே கொடுத்தால் பிளாக் அங்கே ஓடிவிடும் இல்லையா? அந்த ஒரு பார்வையை நான் பிடித்துவிடுவேன். இந்த ஜில்லாவில் அதைப் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான்.

அதிலும் முக்கியம், கெட்ட பந்து. நல்ல பந்து வரும்போது லிஃப்டர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பான். வாங்குகிறவன் சொதப்பிப் பந்து எங்கேயோ பறக்கும்போது, லிஃப்டர் ஓடிப்போய் எப்படியோ தூக்கிவிடுகிறானே, அப்போது யோசிக்க நேரம் கிடையாது. அந்த நேரத்தில் கை யாரைத் தேடுகிறதோ அவன்தான் முதல் ஆள். கெட்ட பந்து யாருக்குப் போகிறது? இதுதான் என் கேள்வி. இதைக் கேட்டு முதலாளியே அசந்துபோனார். “தங்கப்பழம், நீரு டைம் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல வே” என்றார். ஆனாலும் அங்கேதான் வைத்திருக்கிறார்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா.

மாடத்திவிளைக்கு எதற்குப் போகிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு இசக்கிராஜ் கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முந்தி எங்கள் டீமில் அடிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வின். ஆறடிக்கு மேல். அடித்தால் பந்து தரையில் பட்டு மதிலைத் தாண்டும். சிரித்த முகம். வெளியூர் மேட்ச் போனால் பெண்பிள்ளைகள் மாடியில் நின்று பார்ப்பார்கள். இன்னொருவன் இந்த இசக்கிராஜ். மாடத்திவிளைக்காரன். உயரம் பத்தாது. பேச்சும் கிடையாது. ஆனால் எழும்புவான் சார். தரை சுட்டுவிட்டதோ என்று நினைக்கிற மாதிரி எழும்புவான். இரண்டு பேரும் மில்லில் தற்காலிகம். லிஃப்டர் ஜெபசிங். அவன் பழைய ஆள், நிரந்தரம்.

அந்த வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஒரு நாற்காலிதான் இருக்கு வே. ரெண்டு பேர்ல முதல் ஆள் எவனோ அவன நிரந்தரம் ஆக்குதேன். மத்தவன் வருஷம் முடிஞ்சதும் போகட்டும். நீரு பாத்துச் சொல்லும்” என்றார். யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரின் பிழைப்பு. அதை என் கண்ணை நம்பி விட்டார்.

ஆடிக்காற்றில் ஆரம்பித்தேன். தினமும் ஷிப்ட் முடிந்ததும் பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் பிராக்டிஸ். ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபசிங்கின் கண்ணையே பார்த்தேன். ஐப்பசி வரைக்கும் பார்த்தேன். சந்தேகமே இல்லை சார். நல்ல பந்தெல்லாம் செல்வினுக்கு. கெட்ட பந்தெல்லாம் இசக்கிக்கு. பந்து எங்கே சிதறினாலும், ஜெபசிங் தலைகுப்புற விழுந்து தூக்கினாலும், அது இசக்கிக்குத்தான் போகும். நெட்டை ஒட்டி, கம்பத்தை ஒட்டி, மூன்று பேர் பிளாக் நிற்கிற இடத்துக்கு. அவனும் போவான். எழும்புவான். பாதியை அடித்தும் விடுவான்.

நான் முடிவு செய்துவிட்டேன். இசக்கிதான் முதல் ஆள்.

மில் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற ஆள் ஒருவன், நாக்கு நீளம். அவன் சொன்னான், “என்ன சார் நீங்க? ஜெபசிங் தங்கச்சியத்தான செல்வின் கட்டியிருக்கான்? மாப்பிள்ளைக்குத் தலைவாழை எலை, மத்தவனுக்கு எச்ச எலை. நெட்டு ஓரத்துப் பந்துல விழுந்தா காலு போயிரும்னு லிஃப்டருக்குத் தெரியாதா? தங்கச்சி வேற முழுகாம இருக்கா. எவனாவது மாப்பிள்ளைய அங்க அனுப்புவானா?” என்று. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவன் ரொம்ப உரக்கச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். டீ ஆற்றுகிறவனுக்கு வாலிபால் என்ன தெரியும்? வெளியே இருக்கிறவர்கள் எல்லாவற்றிலும் சொந்தபந்தத்தைத்தான் பார்ப்பார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன்.

காற்று அடிக்கிறதே, கொஞ்சம் கண்ணாடியை இறக்கட்டுமா? மணல் வாய்க்குள் வருகிறது. இந்தச் செம்மணல் ஒரு மாதிரி ஒட்டிக்கொள்ளும், வேட்டியில் பட்டால் போகாது.

நான் சொல்லப் போகிற விஷயம் எப்படியோ இசக்கிக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். கார்டு அடிக்க வந்தான் என்று நினைத்தேன். “சார், என்ன முதல் ஆள்னு சொல்லிராதீங்க” என்றான். எனக்கு ஆச்சரியம். “ஏம்ல?” என்றேன். “எனக்கு வார பந்தெல்லாம் நெட்டோட ஒட்டி வருது சார். அடிச்சிரலாம். எறங்க எடமில்ல. எதிராளி காலு மேலதான் எறங்க வேண்டியிருக்கு. முட்டு இப்பவே வலிக்கி. இனிமே எல்லாப் பந்தும் எனக்குத்தான்னு ஆச்சுன்னா தாங்காது சார்” என்றான்.

நான் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். “இறங்குறதப் பத்தி யோசிக்கிறவன் ஏற மாட்டாம்ல.” நானே எதிர்பார்க்கவில்லை, அப்படி வந்துவிட்டது. பிறகு அதை டீமுக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல வார்த்தை இல்லையா? அவனுக்கு அது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தான். போய்விட்டான். தன்னடக்கம் சார். முதல் ஆளுக்கு எப்போதும் அது இருக்கும். அதுவும் ஒரு அடையாளம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

முதலாளி கெட்டிக்காரர். “சரி, கிறிஸ்துமஸ் போட்டியில பாத்துருவோம். இசக்கிக்கே எல்லாப் பந்தையும் போடச் சொல்லும். தாங்குனாம்னா நாற்காலி அவனுக்கு” என்றார்.

ஜெபசிங்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். “சார், செல்வினையும் சேத்து ஆட வச்சாத்தான் இசக்கிக்குக் காத்து கெடைக்கும். எதிராளி ரெண்டு பேர் செல்வின்கிட்ட நிக்கதுனாலதான் இவன் பாதியாவது அடிக்கான். செல்வினுக்குப் பந்தே போடலன்னா மொத்த பிளாக்கும் இவன் மேல வந்துரும்” என்றான். நான் உடனே புரிந்துகொண்டேன், மாப்பிள்ளைக்காகப் பேசுகிறான். பார்த்தீர்களா, டீக்கடைக்காரன் சொன்னதில் அந்த மட்டுக்கு உண்மை இருந்திருக்கிறது. “செல்வினுக்கு ஒரு பந்து போச்சுன்னாலும் உன் பேரு நிரந்தர லிஸ்ட்ல இருக்காது” என்றேன். அது என் அதிகாரத்தில் இல்லைதான். சொன்னேன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். நல்ல கூட்டம். மத்தியான வெயில். முதல் இரண்டு மேட்ச் ஜெயித்தோம். இசக்கி அடித்தான் சார்! அப்படி ஒரு அடி. செல்வின் ஓரத்தில் சும்மா நின்றான், பந்து வரவே இல்லை. கூட்டத்தில் ஒருவன், “ஏ செல்வினு, கோயில் தூணு மாதிரி நிக்கியே, கைல வெளக்கு வச்சு விடட்டா?” என்று கத்தினான். செல்வின் அதற்கும் சிரித்தான். அவன் சுபாவம் அது.

அரையிறுதியில் எதிராளிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செல்வினை விட்டுவிட்டு மூன்று பேரும் இசக்கி முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் பையன்கள் பயந்துபோய்ப் பந்தை வாங்குவதில் சொதப்பினார்கள். எல்லாமே கெட்ட பந்து. எல்லாமே நெட்டை ஒட்டி. இசக்கி ஏறினான், இறங்கினான், ஏறினான். ஆட்டம் சமமாக வந்து நின்றது. இரண்டு பாயிண்ட் எடுத்தால் இறுதிப் போட்டி.

அப்போது இசக்கி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

பந்து கேட்கிறான் என்று நினைத்தேன். முதல் ஆள் அந்த நேரத்தில் கேட்பான் சார். அதற்காகத்தானே நான் ஐந்து மாதம் காத்திருந்தேன்? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜெபசிங் ஓரத்துக்கு ஓடிவந்து, “சார், அவன் வெளிய வரணும்னு கேக்கான். முட்டு வீங்கிட்டு. மாத்துங்க சார்” என்றான். “போடுல அவனுக்கே” என்றேன். ஜெபசிங் நின்று பார்த்தான். “சார், நான் போட்டா அவன் ஏறுவான் சார். மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு” என்றான். “அதுதாம்ல முதல் ஆளு. போடு” என்றேன்.

போட்டான்.

காய்ந்த பனைமட்டையை முட்டில் வைத்து முறித்தால் ஒரு சத்தம் வருமே. கூட்டம் அத்தனை பேருக்கும் கேட்டது. எதிராளி ஒருவனுடைய கால் மேல் இறங்கியிருக்கிறான். பந்து என்னவோ உள்ளேதான் விழுந்தது. பாயிண்ட் எங்களுக்கு. அதை யாரும் இப்போது சொல்வதில்லை.

அவன் கையைத் தூக்கியது பந்து கேட்டுத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் வலியில் ஆள் ஆளுக்குக் கதை மாறும். அது இயற்கை.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆட்டத்தில் அடிபடாதா? நான் ஒன்றும் அவனைக் கைவிட்டு வரவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். கட்டிலில் ஜெபசிங் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன், வைத்துவிட்டு வந்தேன்.

முதலாளி கேட்டார், “முதல் ஆள்னு சொன்னீரே வே?” நான் மறைக்கவில்லை. “கணிப்பு தப்பிப் போச்சு முதலாளி. நெஜமான முதல் ஆளா இருந்தா ஒடைய மாட்டான்” என்றேன். தப்பு என்றால் தப்பு என்று ஒத்துக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அந்தப் பையனைப் பற்றி நான் ரொம்ப உயர்வாக நினைத்துவிட்டேன், அதுதான் தப்பு. செல்வினை வைத்துக்கொள்ளலாமா என்றார். அரையிறுதியில் ஒரு பாயிண்ட்கூட எடுக்காதவனை எப்படி வைத்துக்கொள்வது? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு பேரையும் வருடம் முடிந்ததும் அனுப்பினோம். நாற்காலியில் இப்போது என் அக்காள் மகன் இருக்கிறான். வாலிபால் ஆட மாட்டான், ஆனால் உயரமான பையன்.

செல்வினா? அவன் கல் குவாரிக்கு வேலைக்குப் போனான். கைக்குழந்தை இருந்தது, சும்மா இருக்க முடியுமா? போன சித்திரையில் அங்கே ஏதோ பாறை சரிந்தது. அது வேறு கதை. அதற்கும் வாலிபாலுக்கும் சம்பந்தம் கிடையாது. அடக்கத்துக்குப் போக நினைத்தேன், அன்றைக்குப் பார்த்து ஒரு கல்லூரியில் ஆள் பார்க்கிற வேலை. அதற்குப் பிறகு ஜெபசிங் ஒருநாள் டைம் ஆபீஸுக்கு வந்தான். இசக்கி நின்ற அதே ஜன்னலில் வந்து நின்றான். “சார், அந்த நாற்காலி செல்வினுக்குக் கெடைச்சிருந்தா அவன் குவாரிக்குப் போயிருக்க மாட்டாம்லா?” என்றான். “அதெல்லாம் விதிப்பா” என்றேன். “விதி இல்ல சார். நீங்க சொன்னீங்க, நான் போட்டேன்” என்றான். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. நிரந்தரத்தை விட்டுவிட்டுப் போகிறவனை என்ன சொல்வது? நல்ல லிஃப்டர். அவனுக்குப் பிறகு அப்படி ஒருவன் கிடைக்கவில்லை. டீமே கலைந்த மாதிரிதான். முதலாளி இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. ஒரு நல்ல ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

அதற்குத்தான் இந்தப் பயணம். போன வாரம் இசக்கி போன் பண்ணினான். எண்ணைப் பார்த்ததும் தெரியவில்லை. “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டான். அவனாகக் கேட்டான் பாருங்கள்! மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஏதோ முருங்கைத் தோட்டத்தில் காவல் இருக்கிறானாம். கால் மடங்காதாம், நடக்கலாமாம். “ஒரு ஆளு இருக்கான் சார். நெஜமான முதல் ஆளு. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. நீங்க வந்து ஒரு தரம் பாத்துரணும்” என்றான். “எங்களுக்குன்னா யாருப்பா?” என்றேன். சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டதே இல்லை. “பேரு என்ன?” என்றேன். “வந்தா தெரிஞ்சுக்கிடுவீங்க சார்” என்றான்.

அவனுக்கு என் தொழில் தெரியும். என்னோடு இருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். “மில்லுல யாருக்கும் சொல்லாதீங்க சார், வேற டீம்காரன் மோப்பம் புடிச்சிருவான். கார்ல வராதீங்க, மணல்ல மாட்டிக்கிடும். சாயங்கால பஸ்ல வாங்க, தனியா வாங்க. நாங்க விலக்குல நிக்கோம்” என்றான். நூற்றுக்கு நூறு சரி. ஆள் பார்க்கப் போகும்போது கூட்டமாகப் போகக்கூடாது. வீட்டில்கூட நான் திருச்செந்தூர் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளும் இலை விபூதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள், அதற்கு வேறு எங்கே போவது?

என்ன சொன்னீர்கள்?

மாடத்திவிளையில் கிரவுண்டே இல்லையா? முன்பு இருந்தது தெரியும் சார், இசக்கி அங்கேதான் ஆடிப் பழகினான். அங்கே போகிற லைனை நீங்களே கழற்றினீர்களா? நெட் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்களா? எப்போது? சரி, சரி. ஊரில் ஆளே இல்லையா? எல்லோருமா போய்விட்டார்கள்? முருங்கைத் தோட்டம் இருக்கிறது அல்லவா. அது இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். பின்னே, இசக்கி பொய்யா சொல்வான்?

கிரவுண்ட் இல்லாவிட்டால் என்ன? மணலில் கோடு கிழித்தால் கிரவுண்ட். இந்தப் பக்கத்துப் பையன்கள் தேரி மணலில்தான் எழும்பிப் பழகுவார்கள். அதனால்தான் மற்ற இடத்தில் அந்த எழும்பு எழும்புகிறார்கள்.

உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா? என்னுடையதில் ஒரு கோடும் இல்லை. இந்தத் தேரிக்குள் எப்போதும் இப்படித்தானா? இல்லை, சும்மா கேட்டேன். யாரிடம் பேசப் போகிறேன்.

நீங்கள் ஏன் சார் கடைசி நிறுத்தம் வரைக்கும் வரச் சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டில் எனக்கு என்ன வேலை? மரியாதைக்குச் சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் தன் காலைக் கெடுத்துக்கொண்ட பிறகும் என்னை நம்பி ஆளைக் காட்டக் கூப்பிடுகிறான் என்றால், அது என் கண்ணுக்குக் கிடைத்த மரியாதை. அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? இந்தத் தடவை தப்பாது. நான் பார்த்து இவன்தான் என்று சொன்னால் முதலாளி மறுபடி கூப்பிடுவார்.

அதோ, பனைகள் தெரிகின்றன. கண்டக்டர் விசில் கொடுக்கிறான். இதுதானே விலக்கு? எழுந்திருக்கிறேன். இருங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

அதோ இசக்கி! ரோட்டோரக் கலுங்குப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், ஒரு காலை நீட்டிக்கொண்டு. கையில் கம்பு. பாவம், கம்பில்லாமல் நடக்க முடியாது போல. டிராக்டர் ஒன்று நிற்கிறது. நல்லவன், மணலில் என்னை நடக்க விடக்கூடாது என்று கொண்டுவந்திருக்கிறான். டிராக்டரில் மண்வெட்டி இரண்டு கிடக்கிறதே, எதற்கு? ஆங், கம்பம் நட வேண்டும் இல்லையா. குழி தோண்டாமல் கம்பம் நட முடியாது. நீங்கள்தானே சொன்னீர்கள், பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று.

பக்கத்தில் நிற்கிறவன் யார்? ஜெபசிங்! ஜெபசிங் மாதிரியே இருக்கிறதே. ஜெபசிங்தான். எங்களுக்கு, எங்களுக்கு என்றானே, இதுதானா? பார்த்தீர்களா சார், லிஃப்டரையும் வரவழைத்திருக்கிறான். தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் அடிக்கிறவனைப் பார்க்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பையனைக் காணோமே. நிஜமான முதல் ஆள் என்றானே. பந்தையும் காணோம். இரண்டு பேர்தான் நிற்கிறார்கள்.

இதோ ஜெபசிங் பஸ்ஸைப் பார்க்கிறான். இந்த ஜன்னலைத்தான். கை காட்டினேன், பார்த்தான் சார், என்னை நேராகப் பார்த்தான். ஒரு தடவை.

இப்போது அந்தப் பக்கம் பனைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.

என் கையை விடுங்கள் சார், பஸ் நின்றுவிட்டது. கொஞ்சம் எழுந்து, இறங்க இடம் விடுங்கள்.